பாம்பு எடுக்கும் படம்

தமிழில் படம் எடுக்கிறவர்கள் இரண்டு பேர். கேமரா வைத்திருப்பவர் ஒருவர். இன்னொன்று நல்லபாம்பு.

நல்லபாம்பு சும்மா இருக்கும்போது படம் எடுக்காது. இரை தேடிப் போகும்போதும், வரப்போரத்தில் வெயில் காயும்போதும் அதன் கழுத்து மற்றப் பாம்புகளின் கழுத்தைப் போலத்தான் இருக்கும். பக்கத்தில் ஏதோ பெரிதாக வந்துவிட்டது, ஓட வழி தெரியவில்லை என்னும்போதுதான் கழுத்துப் பகுதியின் விலா எலும்புகளை விரித்து எழுந்து நிற்கிறது. 'கிட்ட வராதே' என்று சொல்ல அதற்குத் தெரிந்த வழி அது. நாம் பார்த்திருக்கிற நல்லபாம்புப் புகைப்படங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காலண்டர், பாடப்புத்தகம், இன்ஸ்டாகிராம், எதுவானாலும் சரி, படம் எடுத்து நிற்கும் பாம்புதான் ஞாபகத்துக்கு வரும். அதாவது, பயந்துபோன பாம்பு. பயமுறுத்தியது யார் என்று கேட்டால், பல நேரம் எதிரே மண்டியிட்டுப் படம் எடுத்தவர்தான்.

இதைக் கவனித்துவிட்டால் மற்றப் படங்களும் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். காதுகளை அகல விரித்து, தலையைத் தூக்கி, நேராக நம்மைப் பார்க்கும் யானை. பிரமாதமான படம், யானையைப் பொறுத்தவரை அது எச்சரிக்கை. பட்டப்பகலில் மரப்பொந்திலிருந்து விழித்துப் பார்க்கும் ஆந்தை. பெரும்பாலும் அது தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட ஆந்தை. அலகில் புழுவோடு கிளையில் நின்று அங்குமிங்கும் பார்க்கும் சின்னக் குருவி. கூட்டுக்குள் போகப் பயந்து, நாம் எப்போது கிளம்புவோம் என்று காத்திருக்கும் அம்மாவோ அப்பாவோ. 'உயிர்ப்பான தருணம்' என்று நாம் லைக் போடுகிற பலவும், அந்த உயிரின் பக்கமிருந்து பார்த்தால் வெறும் தொந்தரவு.

என் சித்தி பையனுக்கு 26 வயது. சென்னையில் ஐ.டி. வேலை. மூன்று வருடமாக மாதத்தில் இரண்டு வாரக்கடைசி காட்டுப்பக்கம் போய்விடுவான். போன வருடம் ஒரு கல்யாண வீட்டில், வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகக் காட்டுயிர்ப் புகைப்படத்துக்குப் போகப்போவதாகச் சொன்னான். பெரியவர்கள் சம்பளத்தைப் பற்றிக் கேட்டார்கள், பெண் கிடைக்குமா என்று கேட்டார்கள். அதெல்லாம் கேட்க வேண்டியதுதான். பந்தி முடிந்து கை கழுவும்போது அவன் என்னிடம் தனியாகக் கேட்டது வேறு. "காசு வருமா வராதாங்கறது இருக்கட்டும்ணா. இது சரியான வேலையா? அதுங்க பாட்டுக்கு இருக்கு. நான் போயி அதுங்களப் பாத்து, அத வித்து சாப்பிடலாமா?"

எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. கல்யாணப் போட்டோகிராபரிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. மணமக்கள் கூப்பிட்டுத்தான் அவர் வருகிறார். காட்டுக்கு நம்மை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாத வீட்டுக்குப் போய், கேட்காமல் எடுத்து, அதை வைத்துப் பிழைப்பதை எந்த நியாயத்தில் நிறுத்துவது?

*

இந்தத் தொழிலின் பூர்வீகம் வேட்டை. ஆங்கிலத்தில் துப்பாக்கிக்கும் கேமராவுக்கும் ஒரே சொல்லான 'ஷூட்' இருப்பது தற்செயல்தான் என்று வைத்துக்கொண்டாலும், ஆட்கள் தற்செயல் இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜ் ஷைராஸ் வேட்டைக்காரராக இருந்து கேமராவுக்கு மாறியவர். இரவில் படகில் போய், கம்பியையும் வெளிச்சப் பொடியையும் வைத்து, மான்கள் தாங்களே இடறித் தங்களையே படம் எடுத்துக்கொள்ளும்படி செய்தவர். 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகரஃபிக் இதழ் அவருடைய படங்களை வைத்தே ஏறக்குறைய முழு இதழையும் நிரப்பியது. இந்தியாவில் வனத்துறை அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் சிவாலிக் காடுகளில் அதே முறையில் புலிகளைப் படமெடுத்தார். புலி சுடுவது பெருமையாக இருந்த காலத்தில், 1927-ல், கேமராவோடு மட்டும் புலிக்காட்டுக்குள் போனதைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். ஜிம் கார்பெட்டும் பின்னாளில் துப்பாக்கியைவிடக் கேமராவை அதிகம் விரும்பினார்.

இந்த மாற்றம் சின்ன விஷயம் இல்லை. சுட்டால் புலி செத்துவிடும், படம் எடுத்தால் உயிரோடு நடந்து போகும். ஒரு புலியை ஒருவர்தான் சுட முடியும். ஆயிரம் பேர் படம் எடுக்கலாம். ரந்தம்பூரில் 2016-ல் இறந்துபோன மச்லி என்ற பெண்புலியை உலகிலேயே அதிகமாகப் படமெடுக்கப்பட்ட புலி என்று சொல்வார்கள். நூறு வருடம் முன்னால் பிறந்திருந்தால் அது ஏதோ ஓர் அரண்மனைச் சுவரில் தொங்கியிருக்கும். ஆக, கேமரா துப்பாக்கியைவிட நல்லது. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் 'துப்பாக்கியைவிட நல்லது' என்பது ரொம்பத் தாழ்வான வாசப்படி. அதைத் தாண்டிவிட்டதாலேயே உள்ளே வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்ள முடியாது. நம் சட்டமே அப்படி நினைக்கவில்லை. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். கொல்வதும் பிடிப்பதும் மட்டும் அதில் இல்லை. விரட்டுவதும் வேட்டை. இரை வைத்து வரவழைப்பதும் வேட்டை. பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வேட்டை. கையில் துப்பாக்கி இருந்ததா, கேமரா இருந்ததா என்று அந்த விளக்கம் கேட்கவில்லை. கூடு இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று மறைத்துக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கிளையை ஒடிக்கிறவர், சட்டத்தின் கணக்கில் வேட்டைக்காரராக ஆகிவிடக்கூடும்.

*

இரை வைப்பதும் கிளை ஒடிப்பதும் ஏன் நடக்கின்றன? படம் வேண்டும், விலங்கு வரவில்லை. அவ்வளவுதான். இந்த வழியில் கொஞ்ச தூரம் போனால் விலங்கே தேவையில்லாத இடத்துக்கு வந்து சேர்வோம்.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டிதான் இந்த உலகத்தின் ஆஸ்கர். 2009-ல் ஸ்பெயினைச் சேர்ந்த ஹோசே லூயிஸ் ரோட்ரிகஸ் அதில் முதல் பரிசு வாங்கினார். இரவில் ஒரு மரக்கதவைத் தாண்டி ஓநாய் பாயும் படம். சில மாதங்களில், 2010 ஜனவரியில், பரிசு பறிக்கப்பட்டது. அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நடுவர்கள் முடிவு செய்தார்கள். அவர் மறுத்தார். 2017-ல் அதே போட்டியில் ஒரு பிரிவில் வென்ற பிரேசில் படம் ஒன்று, ஒளிரும் கறையான் புற்றை நோக்கி எறும்புதின்னி வருவதைக் காட்டியது. மறு வருடம் அதுவும் நீக்கப்பட்டது. அது பஞ்சடைத்த எறும்புதின்னி என்பது நிபுணர்களின் கருத்து. அவரும் மறுத்தார். இதற்கெல்லாம் முந்தைய கதை இன்னும் மோசம். லெமிங் என்ற சிறு கொறிவிலங்குகள் கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்ளும் என்று நம்மில் பலர் எங்கோ கேட்டிருப்போம். அந்த நம்பிக்கையை உலகமெல்லாம் பரப்பியது 1958-ல் வந்த டிஸ்னியின் ஆவணப்படம். லெமிங்குகளை விலைக்கு வாங்கி, வேறோர் ஊருக்குக் கொண்டுபோய், மேட்டிலிருந்து தண்ணீருக்குள் தள்ளிவிட்டு எடுத்த காட்சி அது. அந்தப் படத்துக்கு ஆஸ்கரே கிடைத்தது.

லெமிங்குகள் செத்தன, அது கொடுமை, விவாதமே வேண்டாம். ஆனால் ஓநாய்? பழக்கப்பட்ட ஓநாய் ஒரு கதவைத் தாண்டியது. அதற்கு வலிக்கவில்லை. பார்த்தவர்களும் சந்தோஷப்பட்டார்கள். பிறகு என்ன தப்பு? "படம் நல்லாருக்கா, அதப் பாரு" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஓவியத்திலும் சினிமாவிலும் நாம் அப்படித்தானே பார்க்கிறோம்?

இதற்கு என் பதில் 'தானாக' என்ற சொல்லில் இருக்கிறது. காட்டுயிர்ப் படத்தில் நாம் எதற்காக வாய்பிளக்கிறோம்? ஒளிக்காகவும் சட்டகத்துக்காகவும் கொஞ்சம். மீதி முழுக்க, அந்த விலங்கு தானாக அங்கே வந்தது என்பதற்காக. அது வராமலே போயிருக்கலாம். நமக்கு முதுகைக் காட்டியிருக்கலாம். அது நம்மைக் கேட்டு நடப்பதில்லை. அதன் சுதந்திரம்தான் படத்தின் விலை. வாடகை ஓநாயை வைத்து எடுத்தவர் இல்லாத ஒன்றை விற்கிறார். அமெரிக்காவில் கூண்டில் வளர்த்த ஓநாய்களையும் சிறுத்தைகளையும் புகைப்படக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் பண்ணைகள் இருக்கின்றன. அங்கே எடுத்த படத்தின் கீழே 'கூண்டு விலங்கு' என்று எழுதினால் பொய் இல்லை. எழுதினால் யாரும் வாங்குவதில்லை என்பதுதான் சங்கடம். யாரும் வாங்காததிலிருந்தே தெரிகிறது, நாம் காசு கொடுப்பது ரோமத்துக்கும் பல்லுக்கும் இல்லை.

*

என் சித்தி பையனிடம் இதையெல்லாம் சொன்னபோது அவன் உடனே எதிர்வாதம் வைத்தான். "பொய் சொல்லக் கூடாது, ஒத்துக்கறேன். ஆனா நெஜமா எடுத்த படம் காட்டக் காப்பாத்துதில்ல? அப்ப கொஞ்சம் தொந்தரவு இருந்தாத்தான் என்ன?"

இது வலுவான வாதம். வரலாறும் அவன் பக்கம் இருக்கிறது. கார்ல்டன் வாட்கின்ஸ் 1861-ல் எடுத்த யோசெமிட்டி பள்ளத்தாக்கின் படங்கள், 1864-ல் அந்த இடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்க உதவின. 1872-ல் யெல்லோஸ்டோன் உலகின் முதல் தேசியப் பூங்கா ஆனதில் வில்லியம் ஹென்றி ஜாக்சனின் படங்களுக்குப் பங்கு உண்டு. நம் காலத்துக்கு வந்தால், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கு நடுவே தனியாக வாழ்ந்த பி-22 என்ற மலைச்சிங்கம். ஸ்டீவ் விண்டர் என்ற புகைப்படக்காரர் தானியங்கிக் கேமராவைப் பொருத்திவிட்டு ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருந்தார். ஹாலிவுட் எழுத்துகளுக்குக் கீழே அது நடந்துபோகும் படம் 2013-ல் வெளியானது. ஊரே அந்த மிருகத்தைத் தன் சொந்தக்காரனாக ஏற்றுக்கொண்டது. நெடுஞ்சாலைக்கு மேலே விலங்குகள் கடக்க ஒரு பெரிய பாலம் கட்டும் வேலை 2022-ல் தொடங்கியதில் பி-22-வின் புகழுக்கும் பங்கு இருக்கிறது. அதே வருட டிசம்பரில், வண்டி மோதிய காயத்தோடும் நோய்களோடும் இருந்த பி-22 கருணைக்கொலை செய்யப்பட்டது. பாலம் அதற்கு உதவவில்லை. அதன் இனத்துக்கு உதவும்.

இங்கேதான் கணக்கு சிக்கலாகிறது. தொந்தரவுக்கு ஆளாவது ஓர் உயிர். காப்பாற்றப்படுவது ஓர் இனம். இந்தப் பறவையின் கூட்டின் முன் நான் மூன்று மணி நேரம் நிற்கிறேன், அதன் குஞ்சு பட்டினி கிடக்கிறது. என் படத்தைப் பார்த்து எங்கோ ஒருவர் மனம் மாறி, பத்து வருடம் கழித்து வேறொரு பறவை பிழைக்கிறது. அந்த வேறொரு பறவைக்காக இந்தப் பறவையிடம் கடன் வாங்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? மனிதர்களிடம் இப்படிக் கணக்குப் போட்டால் உடனே தவறு என்று தெரிந்துவிடும். பறவையிடம் போட்டால் சேவை என்று தோன்றுகிறது.

மனிதர்களிடமும் போட்டிருக்கிறோம் என்பது வேறு விஷயம். 1984-ல் பாகிஸ்தான் அகதி முகாம் ஒன்றில் ஸ்டீவ் மக்கரி படமெடுத்த பச்சைக்கண் ஆப்கானியச் சிறுமி, 1985 ஜூனில் நேஷனல் ஜியாகரஃபிக் அட்டையில் வந்தாள். உலகம் முழுக்கத் தெரிந்த முகம். அவள் பெயர் சர்பத் குலா என்று உலகத்துக்குத் தெரிய 2002 வரை ஆனது. அன்று யாரோ ஓர் அந்நியர் தன்னைப் படம் எடுத்தபோது கோபம் வந்தது என்று அவர் நினைவுகூர்ந்தார். பதினேழு வருடம் தாமதமாக வந்தாலும் அந்தக் கோபம் ஒரு சொல்லாக வந்துவிட்டது. விலங்குக்கு அந்த வாய்ப்பும் இல்லை. இந்தோனேசியாவின் சுலவேசியில் ஒரு குரங்கு, டேவிட் ஸ்லேட்டர் என்பவரின் கேமராவைப் பிடித்துத் தன்னையே எடுத்துக்கொண்ட செல்ஃபிகள் 2011-ல் வெளியாகி உலகம் சுற்றின. அந்தப் படத்துக்குச் சொந்தக்காரர் குரங்கா மனிதரா என்று அமெரிக்காவில் வழக்கே நடந்தது. காப்புரிமைச் சட்டத்தின் கீழ் விலங்கு வழக்குத் தொடர முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-ல் சொன்னது. சட்டப்படி சரியான தீர்ப்பாகவே இருக்கட்டும். வழக்குத் தொடர முடியாதவரிடம் கடன் வாங்குகிறவருக்குப் பொறுப்பு கூடுமா குறையுமா என்பது நீதிமன்றத்துக்கு வெளியே இருக்கும் கேள்வி.

'படம் காப்பாற்றும்' என்ற வாதம் இன்னொரு விதத்திலும் வழுக்கும். 2017-ல் கனடாவின் வடகோடியில் எலும்பும் தோலுமாகத் தள்ளாடும் ஒரு பனிக்கரடியை பால் நிக்லனும் கிறிஸ்டினா மிட்டர்மையரும் காணொளி எடுத்தார்கள். கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், அழுதார்கள். 'காலநிலை மாற்றம் இப்படித்தான் இருக்கும்' என்ற வாசகத்தோடு அது வெளியானது. அந்தக் கரடி ஏன் பட்டினி கிடந்தது என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. நோயாக இருக்கலாம், முதுமையாக இருக்கலாம். அந்த வாசகம் எல்லை மீறிவிட்டது என்று மறு வருடம் நேஷனல் ஜியாகரஃபிக்கே ஒத்துக்கொண்டது. பனி உருகுவது உண்மை. பனிக்கரடிகளுக்கு ஆபத்து என்பது உண்மை. ஆனால் இந்தக் கரடியின் கதை இதுதான் என்பது நமக்குத் தெரியாத விஷயம். ஓர் இனத்தின் உண்மைக்காக ஓர் உயிரின் மரணத்துக்கு நாமே காரணம் எழுதினோம். நல்ல நோக்கம் என்பதால் அது சரியாகிவிடுமா? பொய்யைப் பிடித்துக் காட்டக் காத்திருப்பவர்களுக்கு அது ஆயுதமாகவும் ஆனது.

ஆக, படம் காப்பாற்றும் என்பதை நான் மறுக்கவில்லை. அது மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுத் தந்த வெற்றுக் காசோலை இல்லை என்கிறேன். ஒவ்வொரு படமும் தனித்தனியாகக் கணக்குச் சொல்ல வேண்டும்.

*

இந்தத் தொழிலில் ஒரு வேதவாக்கு உண்டு: குறுக்கிடாதே. புலி மானைப் பிடித்தால் மானைக் காப்பாற்றாதே. காட்டின் போக்கு காட்டுக்குத் தெரியும்.

2018-ல் ஒளிபரப்பான பிபிசியின் ஒரு தொடருக்காக அண்டார்டிகாவில் படமெடுத்துக்கொண்டிருந்த குழுவினர் இதை மீறினார்கள். எம்பரர் பென்குவின்கள் சில, குஞ்சுகளோடு ஒரு பனிப்பள்ளத்தில் விழுந்து ஏற முடியாமல் தவித்தன. குழுவினர் பனியை வெட்டி ஒரு சரிவுப் பாதை மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு விலகி நின்றார்கள். பென்குவின்கள் ஏறி வந்தன. பெரும்பாலானவர்கள் பாராட்டினார்கள், சிலர் விதி மீறல் என்றார்கள். எனக்கு அது சரி என்றே படுகிறது. அங்கே மானின் உயிரைக் காப்பாற்றப் புலியின் சோற்றைப் பிடுங்கும் பிரச்சினை இல்லை. பள்ளம் எதையும் தின்று வாழ்வதில்லை.

ஆனால் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. 'குறுக்கிடாதே' என்ற விதியை நாம் எந்த நிமிடத்திலிருந்து தொடங்குகிறோம்? காலை ஆறு மணிக்கு ஆறு ஜீப் காட்டுக்குள் போகிறது. டீசல் சத்தம். ஒரு டிரைவர் இன்னொரு டிரைவருக்குச் சொல்ல, பத்து நிமிடத்தில் எல்லா வண்டியும் ஒரே இடத்தில். புலி ரோட்டைக் கடக்க நினைக்கிறது, முன்னால் இரண்டு வண்டி, பின்னால் நாலு வண்டி. மான் கூட்டம் ஏற்கெனவே கலைந்துவிட்டது, புலியின் அன்றைய வேட்டை போயிற்று. இவ்வளவுக்கும் பிறகு அந்தப் புலி காலில் முள்ளோடு நொண்டினால், நாம் கையைக் கட்டிக்கொண்டு 'இயற்கையில் குறுக்கிடக் கூடாது' என்கிறோம். குறுக்கிட்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அந்த விதியை நேர்மையாகக் கடைப்பிடிக்க வேண்டுமானால் கேட்டுக்கு வெளியே, சாவியைத் திருகுவதற்கு முன்னால் தொடங்க வேண்டும்.

*

இதெல்லாம் தெரியாதவர்களா புகைப்படக்காரர்கள்? எனக்குத் தெரிந்தவரை, நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். பிறகு ஏன் நடக்கிறது என்றால், பிழைப்பு.

ஒரு 600 எம்.எம். லென்ஸ் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும். அதில் எடுத்த படத்தை விற்று அந்தக் காசை எடுத்த காலம் ஒன்று இருந்தது. 2000-களில் இணையத்தில் மலிவு விலைப் படச்சந்தைகள் வந்தபிறகு ஒரு படத்தின் விலை டீக்காசுக்கு இறங்கியது. பத்திரிகைகள் சுருங்கின. இப்போது காட்டுயிர்ப் புகைப்படக்காரர்கள் பலருக்குச் சோறு போடுவது படம் இல்லை, பயணம். பயிலரங்கு நடத்துகிறார்கள், ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். வருகிறவர்கள் லீவு போட்டு, நிறையப் பணம் கட்டி வருகிறார்கள். அவர்கள் வாங்குவது புலியைப் பார்க்கும் வாய்ப்பு. அவர்கள் மனதில் இருப்பது புலி. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்பும் சுமை புகைப்படக்காரர் தலையில். பிஸ்கட், செல்போனில் பதிவுசெய்த பறவைக்குரல், டிரைவருக்கு ஐந்நூறு ரூபாய், எல்லாம் அந்த இடைவெளியில்தான் நுழைகின்றன.

நான் அண்ணன் என்று கூப்பிடும் ஒருவர் இந்தத் தொழிலில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறார். பொள்ளாச்சிப் பக்கம். ஒருமுறை அவரோடும், பணம் கட்டி வந்த நான்கு பேரோடும் வால்பாறைக்குப் போயிருந்தேன். பெரிய இருவாச்சியின் கூடு ஒன்று அவருக்குத் தெரியும். இருவாச்சியின் குடும்ப வாழ்க்கை விசித்திரமானது. பெண்பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு சின்னக் கீற்று மட்டும் திறந்திருக்கும். மாதக்கணக்கில் அதற்கும் குஞ்சுக்கும் ஆண்பறவை கொண்டுவந்து ஊட்டினால்தான் சாப்பாடு. நாங்கள் தூரத்தில், மறைவில்தான் நின்றோம். ஆண்பறவை வந்தது. கூட்டு மரத்துக்கு வராமல் எதிர்ச்சரிவில் ஒரு மரத்தில் உட்கார்ந்தது. பத்து நிமிடம். பதினைந்து நிமிடம். இன்னொரு கிளைக்கு மாறியது, வரவில்லை.

அண்ணன் முக்காலியை மடக்க ஆரம்பித்தார். வந்தவர்களில் ஒருவர், "இன்னும் அஞ்சு நிமிஷம் பாக்கலாமே சார், எப்படியும் வந்துதானே ஆகணும்?" என்றார். அவர் சொன்னது உண்மை. எப்படியும் வந்துதான் ஆக வேண்டும், உள்ளே இருப்பது அதன் குடும்பம். அந்த உண்மையில் இருந்த கொடுமையை அவர் கவனிக்கவில்லை. அண்ணன் குரலை உயர்த்தாமல், "வருமுங்க. பசி பொறுக்காம வரும். அவன் ஊட்டு வாசல்ல நாம நிக்கறோம், அவன் சோத்தோட ரோட்டுல நிக்கறான். போலாமுங்க" என்றார்.

அந்த நால்வரில் இருவர் அடுத்த வருடம் அவரோடு வரவில்லை. வேறொருவரோடு போய், அதே பறவை பழம் ஊட்டும் படத்தை எடுத்து வந்ததாகக் கேள்விப்பட்டேன். அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை, நன்றாகவே வந்திருக்கும். அண்ணனிடம் அந்த நாளின் படம் ஒன்றுகூட இல்லை.

எனக்கு இந்தத் தொழிலின் மிகப்பெரிய அநியாயமாகத் தெரிவது இதுதான். ஒரு புகைப்படக்காரர் செய்யும் ஆகச்சிறந்த காரியம் அவர் எடுக்காமல் விட்ட படம். அதற்குப் பரிசு இல்லை, கண்காட்சி இல்லை, லைக் இல்லை. எடுத்த படங்களால் மட்டுமே ஆன வாழ்க்கை வரலாறு அவர்களுடையது. டாக்டர் ஓர் ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவெடுத்தால் கேஸ் ஷீட்டில் அது இருக்கும். இவர் வேண்டாம் என்று முடிவெடுத்தால் மெமரி கார்டு காலியாக இருக்கும், அவ்வளவே. நல்லவரையும் கெட்டவரையும் படங்களை வைத்துப் பிரிக்க முடியாது. பல நேரம் கெட்டவரின் படம்தான் கூர்மையாக இருக்கும், இன்னும் நாலடி பக்கத்தில் நின்றிருப்பார்.

இந்த இடத்தில் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்கிறேன். அ. மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளையில் யானைகளைப் படம் எடுத்தவர், தானே பாகங்களைச் சேர்த்துக் கேமரா கட்டிக்கொண்டவர். 1950-லிருந்து 1996-ல் இறக்கும்வரை தி ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதினார், தமிழிலும் எழுதினார். அவருக்கு ஒரு வசதி இருந்தது என்று தோன்றுகிறது. யானை வராத நாளைப் பற்றியும் எழுத்தாளரால் எழுத முடியும். காகத்தையும் அணிலையும் பற்றி எழுதியே ஒரு வாரத்தை ஓட்ட முடியும். வெறும் கேமராவை மட்டும் நம்பியவருக்கு யானை வராத நாள் நஷ்டம்.

சித்தி பையனுக்கு நான் சொன்ன பதிலும் இதையொட்டித்தான். சரியான வேலையா என்று கேட்டால், வெறுங்கையோடு வீடு திரும்ப உனக்கு வசதி இருக்கும்வரை சரியான வேலை. கடலுக்குப் போகிறவருக்கும் வலை காலியாக வரும் நாள் உண்டு, ஆனால் அவரால் கடலை ஏமாற்றி மீன் வரவழைக்க முடியாது. உன்னால் முடியும். அதனால், காலியாக வரும் நாட்களைத் தாங்குகிற மாதிரி உன் பிழைப்பை முதலில் அமைத்துக்கொள். எழுது, பாடம் நடத்து, பாதி நாள் வேறு வேலை பார். புலியைக் காட்டுகிறேன் என்று யாரிடமும் காசு வாங்காதே, காட்டைக் காட்டுகிறேன் என்று வாங்கு. காட்டை எப்படியும் காட்டிவிட முடியும். நல்லவனாக இருக்க மனசு மட்டும் போதாது, தோற்பதற்குக் கொஞ்சம் கையிருப்பும் வேண்டும். "கேக்க நல்லாருக்கு, ஈ.எம்.ஐ. இருக்கேண்ணா" என்றான். அவன் இன்னும் வேலையை விடவில்லை.

ஆனால் பொறுப்பு முழுவதையும் அவன் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. அவன் எதை எடுப்பான் என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது, திரையை விரலால் தள்ளிக்கொண்டே போகும் நாம்தான். கிட்டத்தில், நேருக்கு நேர், கண்ணைப் பார்த்து, இரை வாயில், தண்ணீர் தெறிக்க. இதற்குத்தான் நம் விரல் நிற்கிறது. நின்ற விரலெல்லாம் சேர்ந்து ஒரு ஜீப்பை இன்னும் பத்தடி முன்னால் தள்ளுகிறது.

படத்தைப் பார்த்தவுடன் கீழே எழுதியிருப்பதையும் படிக்கலாம். எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தது, இரை வைத்ததா, கூண்டா, காடா, அந்த விலங்கு அதன்பிறகு என்ன செய்தது. எப்படி எடுத்தேன் என்று முழுதாகச் சொல்ல முடிகிற படமே நல்ல படம் என்று நான் நினைக்கிறேன். கூடு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லாமல் விடலாம், விட வேண்டும். மற்றது எதையும் மறைக்க அவசியம் இல்லை. சொல்லியிருக்கவில்லை என்றால் மரியாதையாகக் கேட்கலாம். பலர் கேட்க ஆரம்பித்தால், பதில் இல்லாத படங்களின் மதிப்பு குறையும். அண்ணன் மாதிரி ஆட்களுக்கு அடுத்த வருடம் நான்கு பேராவது வருவார்கள்.

வேலியோரத்தில் சுருண்டு கிடக்கும் நல்லபாம்பை யாராவது எப்போதாவது படமெடுத்துப் போட்டிருப்பார்கள். தலை தாழ்ந்து, கழுத்து ஒடுங்கி, பார்ப்பதற்குச் சாரைப்பாம்பு மாதிரி இருக்கும். அதில் பார்க்க ஒன்றும் இல்லை என்று தோன்றும். எடுத்தவர் அங்கே இருந்தது பாம்புக்குத் தெரியவே இல்லை.